குடும்பத்திற்கு ஒரு குறிக்கோள்

நாள் குறித்து வேலை செய்வது நம் வேளாண் மக்களுக்குப் புதிதன்று. நாற்றங்கால் எப்பொழுது விடவேண்டும், நாற்றுப் பறிப்பது எத்தனையாவது நாள், முதற்களை எப்பொழுது, மேலுரம் எப்பொழுது என்பவை யாவும் ஒரு சாதாரணக் குடியானவர் மனத்தில் வரிசையாக நிற்கின்றன. ஏடு எழுத்து அறியாத முதியவரும் இக்கணக்கில் ஒரு நாள் பிசகமாட்டார். ஆனால் அவரிடமே, "இன்னும் ஐந்தாண்டுகளில் உங்கள் குடும்பம் எந்த நிலைமையில் இருக்கவேண்டும் என்று கருதுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ நல்லா இருந்தாப் போதுங்க" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். பயிருக்குத் திட்டம் வைத்திருக்கிறோம். பயிரிடுகிறவனின் வாழ்வுக்குத் திட்டம் வைக்கவில்லை.

ஒரத்தநாடு வட்டாரத்துக் கிராமங்களில் பஞ்சாயத்து அங்கத்தினர்களோடும் விவசாயிகளோடும் அளவளாவும்போது நாம் மீண்டும் மீண்டும் காணும் உண்மை இது. ஆகையால் இக்கட்டுரையில் புது விதை, புது உரம் முதலியவற்றைப் பற்றி அதிகம் பேசாமல், குடும்பம் ஒன்று தனக்கென ஒரு குறிக்கோளை எவ்வாறு வகுத்துக்கொள்வது என்பதைப் பற்றிச் சில செய்திகளை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஆசை வேறு, குறிக்கோள் வேறு. 'கடன் தீரவேண்டும்' என்பது ஆசை. 'கூட்டுறவுச் சங்கத்தில் வைத்துள்ள நகையை மூன்று ஆண்டில் மீட்பேன். அதற்காக ஒவ்வோர் அறுவடையிலும் இன்ன தொகையைக் கட்டுவேன்' என்பது குறிக்கோள். முன்னதற்கு அளவில்லை, நாளில்லை, அது நிறைவேறியதா இல்லையா என்று சோதிக்க வழியுமில்லை. அதனாலேயே அது ஆயுள் முழுவதும் ஆசையாகவே இருந்துவிடுகிறது. இது வெறும் உபதேசம் அன்று. எட்வின் லாக் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில் இதனை எடுத்துக்காட்டினார். 'உன்னால் இயன்ற அளவு செய்' என்று சொல்லப்பட்டவர்களைக் காட்டிலும், சற்றுக் கடினமானதும் அளவு குறிப்பிட்டதுமான இலக்கை ஏற்றுக்கொண்டவர்கள் மிகுதியாக வேலை செய்தார்கள் என்பது அவர் கண்ட முடிவு. நம் நாட்டுக் கூலி ஆட்கள் இதனை நெடுங்காலமாக அறிவார்கள். 'பொழுது சாயும்வரை நடு' என்பதற்கும் 'இந்த வயலை முடித்துவிட்டுக் கரையேறு' என்பதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

நமது ஒரத்தநாட்டுப் பகுதியே குறித்த நோக்கத்தால் உருமாறிய பூமி என்பதை இளைஞர் பலர் அறியார். காவிரி, வெண்ணாற்றுப் பாசனம் பண்டைக்காலத்தது. ஆனால் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து நிலங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஏரியையும் மழையையும் நம்பியிருந்த மேட்டு நிலங்கள் இவை. 1925இல் தொடங்கி 1934இல் முடிவுற்ற மேட்டூர் அணைத் திட்டத்தின் பகுதியாகக் கல்லணைக் கால்வாய் வெட்டப்பட்ட பின்னரே இங்கு ஆற்று நீர் பாய்ந்தது. இன்றும் நம் மக்கள் அதனைப் 'புது ஆறு' என்றே அழைக்கிறார்கள். 'இத்தனை ஏக்கர் நிலத்திற்கு, இந்த வழியே, இந்த அளவு நீர்' என்று பொறியாளர்கள் காகிதத்தில் வரைந்த கோடு, நமக்குச் சோறு போடும் ஆறாக ஓடுகிறது.

அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. ஊரில் நிற்கும் முத்தாம்பாள் சத்திரம், மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்தது. தம் பெயரால் ஓர் அன்ன சத்திரம் இருக்கவேண்டும் என்று முத்தாம்பாள் அம்மையார் விரும்பியதே அதற்குக் காரணம் என்பர். விருப்பத்தோடு நின்றிருந்தால் அது காற்றோடு போயிருக்கும். கட்டடமும் மானியமும் ஏற்பட்டபடியால்தான் வழிப்போக்கர்க்குச் சோறும் மாணவர்க்குக் கல்வியும் கிடைத்தன. இது நிற்க.

குடும்பந்தோறும் திட்டம் எழுதும் முயற்சி தஞ்சை மாவட்டத்தில் முன்பே ஒருமுறை நடந்திருக்கிறது. 1960ஆம் ஆண்டில், இந்தியா முழுமைக்கும் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சாவூரில் தீவிர விவசாய மாவட்டத் திட்டம் தொடங்கப் பெற்றது. 'பாக்கேஜ் திட்டம்' என்று மக்கள் வழங்கியது அதனையே. நல்விதை, உரம், பூச்சி மருந்து, கடன் ஆகியவற்றை ஒன்று சேர்த்துக் கொடுப்பது அதன் வெளித்தோற்றம். அதன் உயிர்நிலையோ, ஒவ்வொரு குடியானவருக்கும் ஒரு பண்ணைத் திட்டம் எழுதுவது என்பதாகும். கிராமச் சேவகர் விவசாயியோடு அமர்ந்து, எத்தனை ஏக்கர், என்ன பயிர், எவ்வளவு உரம், எவ்வளவு கடன் என்று ஒரு படிவத்தில் குறிப்பார். ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து 1960களின் நடுவில் வந்த ஏ.டி.டி. 27 என்னும் குறுவை நெல் இத்திட்டத்தின் துணையோடுதான் விரைந்து பரவியது.

இந்த ஏற்பாட்டில் நாம் பாராட்டத்தக்கதும் உண்டு, எச்சரிக்கை கொள்ளத்தக்கதும் உண்டு. விவசாயி தாமே பேசி, தாமே கணக்கிட்டு எழுதுவித்த இடத்தில் அப்படிவம் அவருடைய குறிக்கோளாயிற்று. எழுதியவர் ஊழியர், கையொப்பம் மட்டும் குடியானவருடையது என்று அமைந்த இடத்தில், அது கடன் வாங்குவதற்கான ஒரு காகிதமாக முடிந்தது. பிறர் எழுதிக் கொடுத்த குறிக்கோளைப் பின்பற்றுவோர் அரியர். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் எழுதுகின்ற இக்காலத்துப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் இதனை நினைவில் வைக்கவேண்டும். கிராம சபையில், 'இந்தக் குடும்பத்திற்கு ஆடு, அந்தக் குடும்பத்திற்கு மாடு' என்று நாமே பங்கிட்டு எழுதிவிட்டால், ஆடும் மாடும் சந்தைக்குப் போய்விடும். 'உங்களுக்கு எது வேண்டும், எதற்காக வேண்டும்?' என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

எழுதுவதும் கையொப்பமிடுவதும் ஒருபுறம் இருக்க, குறிக்கோளை எவ்வளவு பெரிதாக வைப்பது? இதில்தான் பெரும்பாலோர் இடறுகின்றனர். நமது பக்கத்து மாவட்டமாகிய புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவே அதன் நோக்கம். அப்போது ஆட்சியராயிருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள், கிராமப் பெண்கள் சைக்கிள் விடக் கற்பதையும் இயக்கத்தின் பகுதியாக்கினார். அ, ஆ எழுதுவதற்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று கேலி செய்தோரும் இருந்தனர். ஆனால் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் விடக் கற்றார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். கல் உடைக்கும் குவாரித் தொழிலாளியும், கூலி வேலை செய்யும் தாயும், பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல் வேலைக்குப் போகவும், தண்ணீர்க் குடம் கட்டிக் கொண்டு வரவும், குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும் முடிந்தது. 'பெண் விடுதலை' என்று எழுதி வைத்திருந்தால் அது எங்கே தொடங்குவது என்று எவருக்கும் தெரிந்திராது. 'இந்த மாதத்திற்குள் பிடிமானம் இல்லாமல் சைக்கிள் விடுவேன்' என்பது கைக்கு எட்டிய குறிக்கோள். அதனைத் தொட்டவளுக்கு அடுத்ததைத் தொடும் துணிவும் வந்தது.

சிறிதாகத் தொடங்கிப் பெரிதாக வளர்ந்ததற்கு இன்னொரு சான்று திருத்துறைப்பூண்டி வட்டாரத்து ஆதிரெங்கம். காவிரிக்கரை நெடுக 2003இல் நம்மாழ்வார் அவர்கள் நடத்திய நடைப்பயணத்தில் கலந்துகொண்ட ஜெயராமன் என்பவர், வழியில் கிடைத்த பழைய நெல்வகைகள் சிலவற்றை மீட்பது என்று உறுதி கொண்டார். உலகத்து நெல்லையெல்லாம் காப்பேன் என்று அவர் புறப்படவில்லை. அவர் வைத்த விதி மிக எளியது: விரும்பும் விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுப்பது, அவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவது. 2006 முதல் ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடந்தது. ஒரு கை விதை இருவர் கையில் போய், நால்வர் கையில் போய், 2018 டிசம்பர் 6ஆம் நாள் அவர் காலமானபோது 174 பாரம்பரிய நெல்வகைகள் மீட்கப்பட்டிருந்தன. நாட்டார் அவரை 'நெல் ஜெயராமன்' என்றே அழைத்தனர். பாரம்பரிய நெல்லைப் பயிரிடுவதா, குறுகிய காலப் புதுவகையைப் பயிரிடுவதா என்ற வாதம் இங்கே நமக்கு வேண்டியதில்லை. நாம் கவனிக்கவேண்டியது, 2 கிலோ, 4 கிலோ என்ற கணக்கு. ஒரு பாமரரும் மறக்கமுடியாத கணக்கு அது. தவறினால் உடனே கண்ணுக்குத் தெரியும் கணக்கும் அதுவே.

இனி, நம் பகுதியை உலுக்கிய ஒன்றைப் பேசாமல் இப்பொருளை முடிக்க இயலாது. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜாப் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்து உள்நாட்டில் புகுந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் பாட்டன் வைத்த தென்னைகள் ஓரிரவில் வேரோடு சாய்ந்தன. விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாய் நிவாரணமும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் ஆக 1,100 ரூபாய் அரசு வழங்கியது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் அது 1,92,500 ரூபாய். தென்னையோ நட்ட மறுநாள் காய்ப்பதன்று. நெட்டை வகையாயின் ஆறேழு ஆண்டு; ஒட்டு வகையாயின் நான்கைந்து ஆண்டு; குட்டை வகையாயின் மூன்று நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

இந்த நிலைமையில் கையில் வந்த நிவாரணத் தொகையும், மனத்தில் இருந்த துயரமும் ஒன்றோடொன்று போரிட்டன. மரம் சாய்ந்த குடும்பங்களை இப்போது நோக்கினால் மூவகையாகத் தெரிகின்றனர். முதல் வகையினர் தொகையை அன்றாடச் செலவிலும் பழைய கடனிலும் கரைத்துவிட்டு, மரம் இருந்த இடத்தைத் தரிசாக விட்டனர். அவர்களைக் குறை சொல்லுவதற்கில்லை. பசித்த வயிற்றுக்கு ஏழாண்டுக் கணக்குப் புரியாது. இரண்டாம் வகையினர் எதனையும் எண்ணாமல் கிடைத்த கன்றையெல்லாம் நெருக்கி நட்டனர். மூன்றாம் வகையினர்தாம் நமக்குப் பாடம். ஏக்கருக்கு 70 கன்று, 25 அடி இடைவெளி, மூன்றடிக் குழி என்று அளந்து நட்டதோடு, 'காய்க்கும்வரை ஆறு ஆண்டு என்ன சாப்பிடுவது?' என்ற கேள்வியை அன்றே கேட்டுக்கொண்டனர். தென்னங்கன்றின் நிழல் விழாத இடைவெளியில் வாழை, கடலை, உளுந்து, காய்கறி ஆகியவற்றை ஆண்டுக்கேற்ப மாற்றி மாற்றிப் பயிரிட்டார்கள். ஒரு பகுதியில் குட்டை வகையும் மறுபகுதியில் நெட்டை வகையும் வைத்து, எல்லா வரவும் ஒரே ஆண்டில் தொடங்காதபடி பார்த்துக் கொண்டோரும் உண்டு. 2019இல் நட்ட நெட்டைக் கன்று பாளை விடும் பருவத்தை எட்டும்வரை அவர்கள் வீட்டில் அடுப்பு அணையவில்லை. காற்றுக்கு மரம் சாய்ந்தது எல்லாருக்கும் பொது. அதன் பின் நடந்தது அவரவர் வகுத்துக்கொண்ட வழி.

தொகையாகப் பணம் வரும்போது அதற்கு முன்கூட்டியே வேலை ஒதுக்கி வைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்ல, பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்து மொய் விருந்தைக் காட்டிலும் நல்ல உதாரணம் வேறில்லை. ஆடி, ஆவணி மாதங்களில் கிடா வெட்டி ஊரழைத்து விருந்து வைக்கிறோம். வந்தவர்கள் மொய் எழுதுகிறார்கள். ஒரே நாளில் இலட்சக்கணக்கில் வரவு வருகிறது. வெளியூரார் இதனைக் கேட்டு வியப்பர், சிலர் பழிப்பர். இதில் பழிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதே எம் கருத்து. வட்டியும் ஈடும் இல்லாமல், ஊர் முழுவதும் ஒருவருக்கு ஒருவர் கொடுத்து வாங்கும் கைமாற்று அது. ஆனால் மொய் நோட்டில் விழுந்த ஒவ்வொரு வரியும் கடன் என்பதை மறக்கலாகாது. எழுதியவர் வீட்டு விருந்து வரும்போது, வாங்கியதைச் சற்றுக் கூட்டித் திருப்பியாகவேண்டும். சுமார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நம் முறை வரும். அதற்கிடையே நூற்றுக்கணக்கான வீட்டு விருந்துகளுக்குப் போயாக வேண்டும்.

ஆழ்துளைக் கிணறு போடவென்று விருந்து வைத்தவரும் உண்டு. மகளின் மேற்படிப்புக்கென்று வைத்தவரும் உண்டு. முறை வந்துவிட்டது என்பதற்காகவே வைத்தவரும் உண்டு. அழைப்பிதழ் அச்சிடுமுன்னே பணத்தின் வேலையைத் தீர்மானித்தவர் கையில் அது கிணறாகவும் படிப்பாகவும் நின்றது. தீர்மானிக்காதவர் கையில் அது பந்தலும் இறைச்சியும் மோட்டார் சைக்கிளுமாகிக் கரைந்து, திருப்பிக் கொடுக்கும் கடமை மட்டும் மிஞ்சியது. கஜாவுக்குப் பிந்திய ஆண்டுகளில் வரவு சுருங்கியது. 2020இல் நோய்த்தொற்று ஊரடங்கு விருந்துகளையே நிறுத்தியது. அக்காலத்தில் தங்கள் முறை தள்ளிப்போய்த் தவித்தவர்களுக்கு இது நன்கு விளங்கும். ஊரார் பணம் வரும் என்ற ஒன்றை மட்டுமே நம்பிக் குறிக்கோள் வைத்தல் ஆகாது.

அறுவடைப் பணமும் இத்தகையதே. மேற்குக் கென்யா நாட்டு மக்காச்சோள விவசாயிகளைப் பற்றி எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரெமர், ஜோனதன் ராபின்சன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் நடத்திய ஆராய்ச்சி 2011இல் வெளியாயிற்று. முதலிருவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றோரில் அடங்குவர். அங்குள்ள விவசாயிகள் உரத்தின் நன்மையை அறிந்தவர்கள்; அடுத்த போகத்திற்கு உரம் வாங்க எண்ணமும் உடையவர்கள். ஆயினும் விதைப்பு வரும்போது கையில் பணம் இருப்பதில்லை. அறுவடை முடிந்த கையோடு அவர்கள் வீட்டுக்கே சென்று, 'இப்போதே பணம் கட்டிவிடுங்கள், விதைக்கும் காலத்தில் உரத்தைக் கொண்டுவந்து தருகிறோம்' என்று சொன்னபோது, உரமிட்டோர் தொகை கணிசமாகக் கூடியது. விலையைக் குறைக்கவில்லை, கேட்ட நேரத்தை மாற்றினார்கள், கொண்டுவரும் கூலியை வாங்கவில்லை, அவ்வளவே. நம் ஊரிலும் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வங்கிக் கணக்கில் வந்த அன்றே குறிக்கோளுக்குரிய பங்கைத் தனியே பிரித்துவிடவேண்டும். பின்னர்ப் பார்க்கலாம் என்று வைத்த பணம் சீர், செலவு, திருவிழா என்று தானே வழி தேடிக்கொள்ளும்.

இனி ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். புது ஆற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நன்செய்; ஒரு ஏக்கர் தென்னை; கூட்டுறவுச் சங்கத்தில் 90,000 ரூபாய் நகைக் கடன்; ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி. கணவனும் மனைவியும் ஒரு மாலையில் உட்கார்ந்து, இரண்டே குறிக்கோள்களை எழுதுகிறார்கள். ஒன்று, மூன்றாண்டில் நகையை மீட்பது. மற்றொன்று, பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவது. ஆண்டுக்கு இரண்டு போகம் என்றால் மூன்றாண்டில் ஆறு அறுவடை. அறுவடைக்கு 15,000 வீதம் அசல் 90,000 தீரும், வட்டி தனி. இந்த 15,000 எங்கிருந்து வரும்? பழைய முறையில் ஏக்கருக்கு 30 கிலோ விதை போடுகிறோம். திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் இளநாற்றை, 10 அங்குல இடைவெளியில், குத்துக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு 2, 3 கிலோ விதை போதும். உடனே இரண்டு ஏக்கரையும் மாற்றவேண்டாம். முதற்போகத்தில் 25 சென்டில் நட்டு, வழக்கமான நடவின் விளைச்சலோடு தூக்கிப் பார்த்துக்கொள்ளட்டும். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்னர், நிற்கும் பயிரிலேயே உளுந்தோ பயறோ தெளித்துவிட்டால், மண்ணின் ஈரத்திலேயே ஒரு சிறு மகசூல் கிடைக்கும். அது முழுவதும் நகைக் கணக்குக்கு என்று இப்போதே எழுதிவைக்கட்டும்.

நீர் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி; இக்கேள்விக்கு இடம் வைக்காத திட்டம் திட்டமன்று. மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படும் என்பது மரபு. ஆயினும் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. 2020இலும் 2021இலும் உரிய நாளில் திறந்தது. 2022இல் மே 24ஆம் நாளே திறந்தது. 2024இலோ ஜூலை 28ஆம் நாள்தான் திறந்தது. ஆற்று நீரை மட்டுமே நம்பியவர்களுக்குக் குறுவை கைவிட்டுப் போயிற்று. ஆகையால் குறிக்கோளின் பக்கத்திலேயே மாற்று வழியையும் எழுதிவிடவேண்டும்: 'ஜூன் மாத முடிவுக்குள் வாய்க்காலில் நீர் வராவிட்டால் குறுவையை விட்டுச் சம்பாவுக்கு விதை வாங்குவேன், அவ்வாண்டு ஒரு தவணை மட்டும் கட்டுவேன்.' ஆறு தவணையில் இரண்டு தவறினால் மூன்றாண்டு நான்காண்டாகும். நகை ஏலத்துக்குப் போகாது, மனமும் உடையாது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளநூல் அறிஞர், 'இன்ன நிலைமை வந்தால் இன்னது செய்வேன்' என்று முன்னரே முடிவு செய்துகொண்டவர்கள் தம் எண்ணத்தைச் செயலாக்குவதில் மிகவும் முந்துகிறார்கள் என்று 1999இல் எழுதினார். அந்நிலைமை வந்தபோது அவர்கள் யோசித்துக் கலங்கவேண்டியதில்லை, முன்னமே யோசித்தாகிவிட்டது.

பெண்ணின் கல்விக்கும் அவ்வாறே படிகளை எழுதலாம். ஒரத்தநாட்டிலேயே பெண்களுக்கென அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது; 2012இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து மேற்படிப்புச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப் பெற்றது. எனவே இக்குறிக்கோளுக்குப் பணத்தைவிட வேறொன்றே பெரிதாக வேண்டும். 'பன்னிரண்டாவது முடியும்வரை வரன் பேச்சு எடுப்பதில்லை' என்று அந்த ஏட்டில் தந்தை கைப்பட எழுதுவதே அது. அத்தையும் மாமனும் வந்து வற்புறுத்தும்போது எடுத்துக் காட்டுவதற்கும் அது உதவும்.

நிலமில்லாதார்க்குக் குறிக்கோள் ஏது என்று கிராம சபைகளில் ஒரு குரல் எழுவதுண்டு. அதனைத் தட்டிக் கழிக்க முடியாது. நாளைய வேலை பிறர் சொல்லில் இருக்கும்போது ஐந்தாண்டை எண்ணுவது எளிதன்று. 1952ஆம் ஆண்டுப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்னர் இம்மாவட்டத்து உழைப்பாளர் பலருக்கு அடுத்த ஆண்டு எந்தப் பண்ணையில் இருப்போம் என்பதே தம் கையில் இல்லை. சட்டம் வந்த பின்னும் கஷ்டங்கள் இருந்தன. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் நடந்த கொடுமையை இந்நாடு மறவாது. அதன்பின் இப்பகுதிக்கு வந்து தொண்டாற்றிய ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியர் 1981இல் 'லாப்டி' என்ற அமைப்பை ஏற்படுத்தினர். நிலவுடைமையாளரோடு பேசி நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற குடும்பங்களுக்குப் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்வித்தனர். அவ்வாறு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலம் பெற்றன. குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்பது சிறிய அளவுதான். ஆனால் அதற்கு முன் 'அடுத்த போகம் என்ன பயிர்?' என்று தன்னைத்தானே கேட்டறியாத ஒருத்திக்கு, அக்கேள்வியைக் கேட்கும் உரிமை அதனால் கிடைத்தது. எனவே நிலமில்லாதார் குறிக்கோளில் பஞ்சாயத்துக்கும் பங்குண்டு. மனைப்பட்டா, நூறு நாள் வேலை அட்டை, மகளிர் குழுக் கடன் ஆகியவை காலத்தில் கிடைத்தால்தான் அவர்கள் தவணைக் கணக்குப் போட இயலும். அதைச் செய்யாமல் 'சிக்கனமாக இருங்கள்' என்று அறிவுரை கூறுவது நகைப்புக்கிடமாகும்.

எழுதும் முறையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்று போதும். இரண்டுக்கு மேற்பட்ட குறிக்கோள் வேண்டாம். ஐந்தாறு எழுதியவர் ஒன்றையும் செய்வதில்லை. கணவன் மட்டும் எழுதி மனைவி அறியாத கணக்கு நிற்காது. சிறுவாட்டுப் பணம் அவள் கையில் இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம். எழுதத் தெரியாதவர்க்குப் பள்ளிப் பிள்ளைகளே எழுதிக்கொடுக்கலாம். அவர்களுக்கும் வீட்டு நிலைமை தெரியவரும். ஊரறியச் சொல்லவேண்டுமா என்பது அவரவர் விருப்பம். சொன்னால் ஊர் கேட்கும் என்ற அச்சம் சிலருக்கு ஊக்கமாகும், சிலருக்குச் சுமையாகும். மகளிர் குழுவிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பது நலம் என்பது நம் அபிப்பிராயம்.

காலம் எது என்றால், தாளடி அறுவடை முடிந்து களம் ஒழிந்து, கொடுக்கல் வாங்கல் தீர்ந்து, குடியானவர் சற்று ஓய்ந்திருக்கும் மாசி மாதமே தக்கது. மார்ச்சு 22ஆம் நாள் கிராம சபை கூடும்போது, தம் குறிக்கோளுக்குப் பஞ்சாயத்திடமிருந்து என்ன உதவி வேண்டும் என்பதைக் கேட்க அந்த நோட்டைக் கையோடு கொண்டு வரலாம். பிறகு மேட்டூர் திறக்குமுன் ஒருமுறையும், குறுவை அறுத்த பின் ஒருமுறையும், தைப் பொங்கல் கழிந்து ஒருமுறையும் எடுத்துப் பார்த்தால் போதுமானது. கட்டிய தவணைக்கு எதிரே ரசீது எண்ணைக் குறித்து, தவறிய தவணைக்கு எதிரே காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு, நோட்டை மொய் நோட்டு இருக்கும் பெட்டியிலேயே வைத்துவிடலாம்.